அல்சூர் வீட்டுப் பின்னறைக்கு ஒரு சீலிங் ஃபேன்: கொக்கி இல்லாத கூரையில் ஐந்து வாரம்

பெங்களூரில் அல்சூர் ஏரியிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கிறது அம்மாவின் வீடு. அதன் பின்னறைக்கு 2024 கோடையில் ஒரு சீலிங் ஃபேன் மாட்டினோம். ஒரு மணி நேர வேலை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் முடிய ஐந்து வாரம் ஆனது, நடுவில் 6 கிலோ எடையுள்ள ஒரு ஃபேன் அம்மா படுக்கும் கட்டிலுக்கு நேர் மேலே அரை அங்குலம் கீழே இறங்கி நின்றது. பழைய பெங்களூர் வீடுகளில் குடியிருக்கும் நம்மவர்கள் நிறையப் பேருக்கு இதே நிலைமை இருக்கும் என்பதால், என்ன பார்த்தோம், எங்கே கோட்டை விட்டோம், எப்படிச் சரி செய்தோம் என்று முழுசாக எழுதி வைக்கிறேன்.

முதலில் வீடு. முன்பக்கம் மெட்ராஸ் டெரஸ் கூரை, அதாவது மர உத்தரங்களுக்கு மேல் செங்கல்லைச் சாய்வாக நிறுத்தி அடுக்கி, சுண்ணாம்புக் கலவை போட்டு, அதற்கு மேல் செங்கல் ஜல்லி, தட்டோடு என்று போகும் பழைய கட்டு. அங்கே உத்தரத்தைச் சுற்றி இரும்புக் கிளாம்ப் போட்டு ஒரு ஃபேன் ரொம்ப வருஷமாக ஓடுகிறது, அதில் ஒரு குறையும் இல்லை. பின்னறை 1978ல் அப்பா சேர்த்துக் கட்டியது, கான்கிரீட் தளம். 10 அடிக்கு 11 அடி, உயரம் 9 அடி 3 அங்குலம். அந்த அறையின் கூரையில் ஃபேன் கொக்கியே கிடையாது. மறந்துபோய் விட்டதில்லை. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர், ஏப்ரலில்கூட ராத்திரி போர்வை கேட்கும், படுக்கிற அறைக்கு ஃபேன் எதற்கு என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். அக்கம்பக்கத்தில் அந்தக் காலத்து வீடுகள் நாலைந்தில் கேட்டுப் பார்த்தேன், பாதி வீட்டில் ஏதாவது ஒரு அறையில் கொக்கி இல்லை.

2024 ஏப்ரல் 28, ஞாயிற்றுக்கிழமை, பெங்களூரில் 38.5 டிகிரி. 2016 ஏப்ரலில் 39.2 வரை போனதுண்டு, ஆனால் அப்போது அம்மா முன்னறையில் படுத்திருந்தார். இப்போது 74 வயது, பாத்ரூம் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று பின்னறைக்கு மாறிவிட்டார். மேலே மொட்டை மாடி, நாள் முழுக்க வெயில் வாங்கிய தளம் ராத்திரி பதினொரு மணி வரை கீழே சூட்டை விடுகிறது. ஸ்டாண்டு ஃபேன் ஒன்று இருந்தது. அது ஒரு பக்கத்துக் கையை மட்டும் குளிரவைக்கும், அதன் வயர் பாத்ரூம் போகிற வழியில் குறுக்கே கிடக்கும், எனக்கு அதுதான் பெரிய பயம்.

அண்ணன் உடனே செயலில் இறங்கினார். அவர் வீட்டில் கழற்றி வைத்திருந்த பழைய ஃபேன் ஒன்று இருந்தது, அதை எடுத்து வந்து, தெருமுனையில் கிடைத்த எலக்ட்ரீஷியனை வைத்து மே 1ஆம் தேதி மாட்டிவிட்டார். கூரை நடுவில் ஒரு துளை, அதில் கொக்கி வைத்த ஆங்கர் ஃபாஸ்ட்னர் ஒன்று, அதில் ஃபேன். முக்கால் மணி நேரம். காற்று நன்றாக வந்தது, அம்மாவுக்குச் சந்தோஷம், நானும் ஃபோனில் கேட்டு நிம்மதியாகிவிட்டேன்.

ஐந்து நாள் கழித்து வீட்டுக்குப் போனபோது அம்மா பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார். "தினமும் காலையில பெட்ஷீட்ல வெள்ளையா பொடி உழுந்திருக்கு கண்ணு, தட்டித் தட்டி விடறேன், பழைய ஃபேன்ல இருந்த அழுக்குன்னு நினைக்கிறேன்." அழுக்கு கறுப்பாகத்தானே இருக்கும், வெள்ளையாக ஏன் இருக்கிறது? கட்டிலில் கையால் தடவிப் பார்த்தேன். மாவு மாதிரி இல்லை, நெருநெருவென்று இருந்தது, மணல் கலந்த பூச்சு. ஃபேனை நிறுத்திவிட்டு ஏணி போட்டு மேலே இருக்கும் கிண்ணத்தைக் கீழே இறக்கினேன். கொக்கியின் தண்டு, துளையிலிருந்து அரை அங்குலம் வெளியே வந்திருந்தது. துளையின் விளிம்பு வட்டமாக இல்லை, ஃபேன் ஆடிய திசையில் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது. அதோடு, ஃபேன் தொங்கும் ராடின் போல்ட்டில், மரை கழன்றுவிடாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டு கட்டுக்கம்பியை முறுக்கி விட்டிருந்தார்கள்.

கட்டிலை உடனே நகர்த்தி ஃபேனை இறக்கினோம். பழைய பேப்பர் கடைத் தராசில் வைத்துப் பார்த்தால் 6 கிலோ 200 கிராம்.

ஏன் இறங்கியது என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. இந்த இடத்தில்தான் பொறுமை வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் காரணம் தெரியாமல் அடுத்த ஃபாஸ்ட்னரைப் போட்டால் அதுவும் அதே வழியில் வரும். ஆங்கர் ஃபாஸ்ட்னர் எப்படிப் பிடிக்கிறது என்றால், மரையைத் திருகத் திருக அதன் உறை துளைக்குள் விரிந்து சுவரை அழுத்துகிறது, அந்த அழுத்தம்தான் பிடிப்பு. கெட்டியான கான்கிரீட் அந்த அழுத்தத்தைத் தாங்கும். சிமெண்ட் பூச்சு தாங்காது, நொறுங்கிப் பொடியாகும். எங்கள் கூரையில் பல வருஷத்துக்கு முன் ஒரு மழையில் ஒழுகல் வந்து, கீழ்ப்பக்கம் மறுபடி பூசியிருக்கிறார்கள். பழைய பூச்சும் புதுப் பூச்சும் சேர்ந்து ஒன்றரை அங்குல கனம். ஃபாஸ்ட்னரின் விரிகிற பகுதி பெரும்பாலும் பூச்சுக்குள்ளேயே நின்றுவிட்டது. நிற்கிற எடையை அது தாங்கியிருக்கலாம். ஆனால் ஓடுகிற ஃபேன் கொஞ்சமாவது ஆடும், அந்த ஆட்டம் நிமிடத்துக்கு முந்நூறு தடவைக்கு மேல் துளையை உலுக்கும். பொடி உதிரும், பிடி தளரும், தளர்ந்தால் ஆட்டம் கூடும். சுத்தியலின் கைப்பிடியால் கூரையைத் தட்டிக்கொண்டே போனபோது நடுவில் டொப் டொப்பென்று வெற்றுச் சத்தம், ஓரத்துக்குப் போகப் போகக் கணீரென்று கெட்டிச் சத்தம். இதை மே 1ஆம் தேதி இரண்டு நிமிடம் செய்திருந்தால் போதும்.

அடுத்து எப்படித் தொங்கவிடுவது என்று வீட்டில் பெரிய விவாதம். அண்ணன் சொன்ன வழி, தளத்தை முழுக்கத் துளைத்து, மேலே மொட்டை மாடியில் ஒரு இரும்புத் தகடு வைத்து, போல்ட்டை அதில் மாட்டி இறக்குவது. பலத்தைப் பார்த்தால் அதைவிட உறுதியானது கிடையாது, ஃபேன் விழ வேண்டுமென்றால் தகடே தளத்தைப் பிய்த்துக்கொண்டு வர வேண்டும். ஆனால் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "மாடியில ஓட்ட போடாதீங்கடா, ஒரு வாட்டி ஒழுகினது போதும்" என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது, இங்கே மே மாதக் கோடை மழையிலிருந்து அக்டோபர் வரை தளம் காய்வதே அபூர்வம், அந்தத் துளைக்குள் தண்ணீர் இறங்கினால் போல்ட்டும் துருப்பிடிக்கும், உள்ளே இருக்கும் கம்பியும் துருப்பிடிக்கும். மேல் வீட்டில் வேறு ஆள் இருக்கும் அடுக்ககத்தில் இந்த வழிக்கே இடமில்லை.

கடைசியில் லிங்கராஜபுரத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் வழி சொன்னார். முப்பது வருஷத்துக்கு மேல் வயரிங் வேலை பார்த்தவர், வேலூர்ப் பக்கத்துக்காரர். கூரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, நடுவிலிருந்து 9 அங்குலம் கிழக்கே தள்ளி ஒரு இடத்தைக் காட்டி, "தளம் எங்க நல்லா இருக்கோ அங்கதாம்மா ஃபேன். கட்டில நாம நகத்திக்கலாம்" என்றார். அந்த இடத்தில் பூச்சை ஒரு சாண் அகலத்துக்குச் செதுக்கி எடுத்து, கான்கிரீட் முகம் தெரிந்த பிறகு, கொக்கி வெல்ட் செய்த சதுரத் தகட்டை நான்கு மூலையிலும் நான்கு 10 எம்எம் ஃபாஸ்ட்னரில் பிடித்தார். துளை தளத்தைத் தாண்டிப் போய்விடக் கூடாது என்பதற்காக டிரில் பிட்டில் இரண்டரை அங்குலத்தில் கறுப்பு டேப் சுற்றிக்கொண்டார். ஒரு துளையில் கம்பி தட்டியது, டிரில்லின் சத்தம் கிறீச்சென்று மாறியதும் நிறுத்திவிட்டார், கம்பியை அறுத்துக்கொண்டு போகக் கூடாது. அதனால் தகட்டைக் கொஞ்சம் திருப்பி வைத்துப் புது அடையாளம் போட்டார். ஒவ்வொரு துளையிலும் சைக்கிள் பம்பால் காற்றடித்துப் பொடியை வெளியேற்றினார். பொடி உள்ளே இருந்தால் ஃபாஸ்ட்னர் பொடியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும், கான்கிரீட்டை அல்ல.

பிறகு சோதனை. 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டை நைலான் கயிற்றில் கட்டி அந்தக் கொக்கியில் தொங்கவிட்டோம், கீழே பழைய மெத்தை ஒன்றைப் போட்டு அறையைப் பூட்டிவிட்டோம். 40 கிலோ, ஒரு ராத்திரி முழுக்க. காலையில் தகட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் பிளேடு நுனிகூட நுழையவில்லை. நான்கு மரையிலும் தகட்டையும் சேர்த்து நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்தேன், மரை ஒரு மயிரிழை திரும்பினாலும் கோடு உடைந்து தெரியும். தகட்டிலிருந்து தனியாக இன்னொரு ஃபாஸ்ட்னர் போட்டு, அதிலிருந்து ராடுக்கு எஃகுக் கம்பி ஒன்றையும் கட்டச் சொன்னோம். கொக்கி போனாலும் ஃபேன் அந்தக் கம்பியில் நிற்கும்.

கொக்கி முடிந்த பிறகுதான் ஃபேன் வாங்கவே போனோம். இந்த வரிசைதான் சரி. கடையில் நின்று நிறத்தைப் பார்ப்பதற்கு முன் கூரை, உயரம், வயர் மூன்றும் கையில் எழுதியிருக்க வேண்டும்.

சிக்பேட்டை மெட்ரோவில் இறங்கி பி.வி.கே. ஐயங்கார் ரோடு. தமிழ், கன்னடம், இந்தி எதில் பேசினாலும் விலை சொல்லும் கடைகள். 110 சதுர அடி அறைக்கு 1200 எம்எம், நம் பேச்சில் 48 இஞ்ச் ஃபேன், போதும் என்பதில் குழப்பமில்லை. சாதா ஃபேனா, பிஎல்டிசியா (பிரஷ் இல்லாத டிசி மோட்டார் வைத்த ஃபேன்) என்பதுதான் கேள்வி. சாதா ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் அளவுக்கு இழுக்கும், பிஎல்டிசி 30 வாட் பக்கம். பிஎல்டிசியின் சுழலும் பாகத்தில் நிரந்தரக் காந்தம் இருப்பதால் அதில் காந்தப் புலம் உண்டாக்கவே மின்சாரம் செலவழிக்க வேண்டியதில்லை, வேகத்தை ஒரு சின்ன எலக்ட்ரானிக் போர்டு பார்த்துக்கொள்கிறது. நாளைக்கு 12 மணி நேரம் என்று கணக்குப் போட்டால் மாதம் 27 யூனிட்டுக்கு எதிராக 11 யூனிட். அம்மாவுக்கு இந்த வித்தியாசம் பெரிது. கர்நாடகத்தில் 2023ல் வந்த கிருஹ ஜோதி திட்டத்தில், 200 யூனிட் உச்சவரம்புக்குள், 2022-23 ஆண்டின் மாதச் சராசரியோடு 10 சதவீதம் சேர்த்த அளவுக்குத்தான் இலவசம், அதைத் தாண்டினால் தாண்டியதற்குக் கட்ட வேண்டும். அம்மாவின் சராசரி 52, ஆக 57 யூனிட் வரை இலவசம். இப்போது வீட்டில் ஆள் குறைந்து 44 ஓடுகிறது. சாதா ஃபேன் போட்டால் 71, பிஎல்டிசி போட்டால் 55.

பிஎல்டிசியில் குறையும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். சாதா ஃபேன் மெதுவானால் பெரும்பாலும் கெப்பாசிட்டர்தான் காரணம், சின்னச் செலவில் தெருமுனைக் கடையிலேயே மாற்றலாம். பிஎல்டிசியில் போர்டு போனால் கம்பெனி ஆள்தான் வர வேண்டும், உத்தரவாதம் முடிந்த பிறகு என்றால் செலவு கணிசமானது. அதனால் வாரண்டி மோட்டாருக்கு மட்டுமா, போர்டுக்கும் சேர்த்தா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்கினேன்.

இன்னொன்று ரிமோட். சுவரில் இருக்கும் சாதா ரெகுலேட்டரோடு பெரும்பாலான பிஎல்டிசி ஃபேன்களைச் சேர்க்கவே கூடாது, போர்டு கெட்டுப்போகும். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு 74 வயதுப் பெண் ரிமோட்டைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. கடையில் ஃபேனை மாட்டிக் காட்டச் சொல்லி இரண்டு விஷயம் பார்த்தோம். கரண்ட் போய்த் திரும்ப வந்தால் விட்ட வேகத்திலேயே தானாக ஓடுகிறதா, சுவர் ஸ்விட்சைச் சட்டென்று அணைத்துப் போட்டால் வேகம் மாறுகிறதா. முதலில் காட்டிய மாடல் கரண்ட் வந்ததும் ஓடாமல் ரிமோட்டுக்குக் காத்து நின்றது. அதை அங்கேயே ஒதுக்கிவிட்டோம். வயதானவர்கள் அறைக்கு வாங்குகிறவர்கள் வேறு எதைப் பார்க்காவிட்டாலும் இதைப் பாருங்கள், தயவுசெய்து.

நட்சத்திர முத்திரை சீலிங் ஃபேனுக்கு 2023 ஜனவரி 1 முதல் கட்டாயம். நட்சத்திரத்தை எண்ணுவதோடு நிற்காமல் கீழே இருக்கும் எண்களையும் படியுங்கள். நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்று தள்ளுகிறது, எத்தனை வாட், காற்றின் அளவை வாட்டால் வகுத்தால் வருவதுதான் தரம். 2024ல் 1200 எம்எம்மில் ஐந்து நட்சத்திரத்துக்கு அது 6 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டியிருந்தது. நாங்கள் எடுத்ததில் 225 கன மீட்டர், 30 வாட், அதாவது 7.5. விற்பவர்கள் சுற்று வேகத்தைத்தான் பெருமையாகச் சொல்வார்கள். இறக்கையின் சாய்வும் அகலமும் சரியில்லாமல் வேகமாகச் சுற்றினால் சத்தம்தான் வரும். விலை 3,100 ரூபாய், எடை 3 கிலோ 600, பழைய ஃபேனில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம்.

வயரிங்கில் ஒரு அதிர்ச்சி காத்திருந்தது. அறையில் ஓடியது 1978ன் அலுமினிய வயர், இரண்டே கம்பி, எர்த் கிடையாது. ஸ்விட்சை அணைத்துவிட்டு லைட் ஹோல்டரில் டெஸ்டர் வைத்தால் டெஸ்டரின் விளக்கு எரிகிறது. ஸ்விட்ச் ஃபேஸ் வயரில் இல்லாமல் நியூட்ரலில் போட்டிருக்கிறார்கள். இந்த அறையில் ஸ்விட்சை நம்பி ஏணியில் ஏறினவர்களுக்கெல்லாம் அப்பா காலத்திலிருந்தே ஆபத்து இருந்திருக்கிறது. பழைய வீட்டில் மெயினை அணைக்காமல் கூரையில் கை வைக்கவே வைக்காதீர்கள். பெரியவர் அலுமினியத்தோடு செம்பை முறுக்கிச் சேர்க்க மறுத்துவிட்டார், அந்த இரண்டும் சேருகிற இடம் நாளடைவில் தளர்ந்து, கறுத்து, சூடாகும். மெயின் போர்டிலிருந்தே புதுசாக 1.5 சதுர எம்எம் செம்பு வயர் மூன்று, பச்சை எர்த்தோடு, சுவரில் கேசிங் பட்டைக்குள் ஓட்டினார். மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு வந்தால் கரண்ட்டை உடனே துண்டிக்கும் பிரேக்கர், ஒன்றும் சேர்த்தோம். ஃபேன் விலையைவிட இந்த வேலைக்கு அதிகம் ஆனது, ஒரு ரூபாயும் வீணில்லை.

மாட்டுவது அரை மணி நேரம். கூடவே வந்த ராடையே போட்டோம், இறக்கை தரையிலிருந்து 8 அடி 1 அங்குலத்தில் நின்றது, கூரைக்கு ஒரு அடிக்கு மேல் இடைவெளி. இந்த ஒரு அடி இல்லையென்றால் இறக்கைக்கு மேலிருந்து இழுக்கக் காற்றே இருக்காது. உயரம் குறைவு என்று ராடை வெட்டி வேறு துளை போடுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது, முழு எடையும் தொங்குவது அந்தத் துளையில்தான், வெட்டாதீர்கள், குட்டை ராடு கேட்டு வாங்குங்கள். ரப்பர் புஷ், போல்ட், மரை, அதற்குப் பிறகு ஸ்பிளிட் பின். பெரியவர் பின்னைச் சொருகி அதன் இரண்டு காலையும் மூக்குப் பிளையரால் எதிரெதிர்ப் பக்கம் விரித்தார், என்னைக் கூப்பிட்டு விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஒரு காலை மட்டும் விரித்தால் ஒரு வருஷத்தில் நழுவிவிடுமாம்.

ஓடவிட்டதும் லேசாகத் தலையாட்டியது. உடனே எடை ஒட்டலாம் என்று அண்ணன் சொன்னார். அதற்கு முன் ஒரு குச்சியைக் கூரையில் நிறுத்தி, ஃபேனைக் கையால் சுற்றி, ஒவ்வொரு இறக்கையின் நுனியையும் அதே இடத்தில் அளந்தோம். இரண்டு இறக்கை ஒரே அளவு, மூன்றாவது அரை அங்குலம் தாழ்ந்திருந்தது. அதைக் கழற்றினால் உட்காரும் இடத்தில் பேக்கிங் பிளாஸ்டிக் தாள் நகத்தளவு ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்துவிட்டு இறுக்கினோம், ஆட்டம் நின்றது. இறக்கைகள் மூன்றும் ஒரே எடையாகப் பார்த்துச் சேர்த்து வருபவை, இன்னொரு ஃபேனின் இறக்கையை எடுத்து மாட்டிச் சமாளிக்கக் கூடாது.

ரிமோட்டுக்குக் கட்டில் தலைமாட்டில், படுத்தபடி கை எட்டும் இடத்தில், ஒரு பெட்டி அடித்தோம். இருந்தாலும் அம்மா ஸ்விட்சைத்தான் தட்டுகிறார்.

அறையின் சூடு ஒரு டிகிரிகூடக் குறையவில்லை, ஃபேன் உடம்பின் வியர்வையைத்தான் ஆற்றுகிறது, அதனால் ஆள் இல்லாத அறையில் ஓட்டிப் பயனில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். ஜூலை பில்லில் 54 யூனிட். ஒரு மாதம் கழித்து மெயினை அணைத்துக் கிண்ணத்தை இறக்கிப் பார்த்தேன், நான்கு மரையிலும் நெயில் பாலிஷ் கோடு உடையாமல் நேராக இருந்தது. இப்போதும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்க்கிறேன். அம்மா அதற்கெல்லாம் காத்திருப்பதில்லை. காலையில் எழுந்ததும் பெட்ஷீட்டில் தலைமாட்டிலிருந்து கால்மாட்டு வரை உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, கையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் காபி போடப் போகிறார்.